மறைந்தவர்களின் கச்சேரிக்கு ஓர் அனுமதிச் சீட்டு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மறைந்த இசைக்கலைஞர்களில் ஒரே ஒருவரை, ஒரே ஒரு முறை நேரில் கேட்கலாம் என்று வரம் கிடைத்தால் யாரைக் கேட்பீர்கள்? ஏன்?

பதில்: நாதஸ்வரக் கலைஞர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையை, அதுவும் சபா மேடையில் வேண்டாம், இரவு நேரத்தில் சுவாமி புறப்பாட்டோடு வீதியில் வர வேண்டும், ராகம் தோடி.

காரணத்துக்கு வருமுன் நான் வைத்துக்கொண்ட அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். மிகச் சிறந்தவர் யார் என்று தொடங்கினால் இந்தக் கேள்விக்குப் பதில் வராது, சண்டைதான் வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு தெய்வம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொன்னால் ஆசிரியர் குழுவுக்குக் கடிதங்கள் குவியும். எனவே நான் வேறொன்றைப் பார்த்தேன். மறைந்தவர்களின் இசையில் நமக்குக் கிடைத்திருப்பது ஒலிப்பதிவு மட்டுமே என்றால், அந்த ஒலிப்பதிவில் பிடிபடாமல் நழுவிப்போன பங்கு யாருடைய இசையில் மிக அதிகமோ அவரைத்தான் நேரில் கேட்க வேண்டும். பதிவிலேயே முக்கால் பங்கு கிடைத்துவிடுகிறவருக்காக ஒரே ஒரு வரத்தைச் செலவழிப்பது வீண்.

இந்தக் கணக்கில் ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898-1956) ஈடாக எனக்கு வேறு யாரும் தென்படவில்லை. முதலாவது, நேரம். தோடியை மணிக்கணக்கில் விரித்து வாசித்தவர் என்றுதான் அவரைக் கேட்டவர்கள் எல்லோரும் சொல்லிப் போனார்கள். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவதோ 3 முதல் 4 நிமிடம். தட்டில் கிடைக்கும் தோடியை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அந்தச் சில நிமிடங்களிலேயே மேல் ஸ்தாயி காந்தாரத்தைத் தொடும் விதம் யாரையும் நிமிர்ந்து உட்கார வைத்துவிடும். ஆனால் மணிக்கணக்கில் வளரும் ஆலாபனை என்பது சில நிமிட ஆலாபனையை இழுத்து நீட்டியது ஆகாது. கீழ் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கேட்பவன் பொறுமையிழக்கும் நேரம் பார்த்து அடுத்த ஸ்வரத்துக்கு நகர்வது, வந்த வழியிலேயே திரும்பிப் போவது, ராகம் முடிந்துவிட்டது என்று எண்ண வைத்துவிட்டு மீண்டும் எடுப்பது ஆகிய உபாயங்களுக்கெல்லாம் காலம் வேண்டும். தட்டில் வாசிக்கும் கலைஞர், நேரம் முடியப்போகிறது என்று தெரிந்தே வாசிக்கிறார். அங்கே நாம் கேட்பது அவர் செய்துகொண்ட சுருக்கத்தை மட்டும்தான்.

இரண்டாவது, தொலைவு. நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். புறப்பாட்டில் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசையோடு கிளம்பி, வீதி திரும்பும் இடங்களில் நின்று, நகர்ந்து, மீண்டும் நின்று வாசிக்கப்படும் இசை அது. கேட்பவன் ஒரே இடத்தில் நின்றாலும் ஒலி நிற்பதில்லை. தெருக்கோடியில் மங்கலாகத் தொடங்கி, நெருங்க நெருங்கக் கனத்து, எதிரே வரும்போது தவிலின் அடி நெஞ்சில் மோதும் அளவுக்குப் பெருகி, பிறகு முதுகுப்புறமாகத் தேய்ந்து போகும். ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்து வாசித்த பதிவில் இந்தப் பயணம் முழுவதுமே இல்லை. கூடவே, அடைத்த அறையில் ஒலிவாங்கிக்கு அருகில் வாசித்தால் நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி கூர்மையாகி, அதன் கம்பீரம் வெறும் இரைச்சலாக மாறும் ஆபத்தும் உண்டு. பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டு இந்த வாத்தியமே காதைக் குத்துகிறது என்று சொல்லும் இளைஞர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் கேட்டது வாத்தியத்தின் பாதியைத்தான்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. தோடியின் மத்யமம், அதாவது 'ம' ஸ்வரம், இரு வகை மத்யமங்களில் தாழ்ந்ததான சுத்த மத்யமம். பழைய நாயனத்தில், அதாவது நாதஸ்வரத்தில், இந்த ஸ்வரம் தானாகச் சரியாக விழாது. துளையை விரலால் எவ்வளவு மூடுவது, ஊதும் முனையான சீவாளியை உதடு எவ்வளவு கவ்வுவது, மூச்சை எவ்வளவு அழுத்துவது என்று மூன்றையும் ஒரே கணத்தில் பொருத்தித்தான் அதைப் பிறப்பிக்க வேண்டும். சுத்த மத்யமம் இயல்பாகப் பேசும் பாரி நாயனத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி செய்து கொடுத்ததும், குட்டையான திமிரி நாயனத்தின் உச்சச் சுருதியை விட்டு நீளமான பாரியின் தாழ்ந்த சுருதிக்கு ராஜரத்தினம் பிள்ளை வந்ததும் இந்த வாத்தியத்தின் வரலாற்றில் பெரிய திருப்பங்கள். அந்த வசதி முழுமையாக வருவதற்கு முன்பே அவர் தோடிக்குப் பேர்போனவராகிவிட்டார் என்பதுதான் என் ஆர்வத்தைத் தூண்டுகிறது. அவர் உதட்டையும் விரலையும் அருகில் நின்று பார்க்க வேண்டும். நாயனத்தின் கழுத்தில் நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து, வாயில் வைத்து ஈரப்படுத்தி, தனியாக ஒரு கீச்சு ஊதிப் பார்த்து, பிடிக்காமல் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் செருகும் அந்த இடைவேளையைக்கூட நான் தவறவிட மாட்டேன். ராகத்துக்கு எந்தச் சீவாளி என்று முடிவெடுக்கும் காது அந்த ஓரிரு நொடியில்தான் வெளிப்படும்.

தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தால் நன்றாக இருக்கும். அவர் 1949-இல் மறைந்துவிட்டார் என்பதால் என் வரம் செல்லுபடியாக வேண்டிய ஆண்டு அதற்கு முந்தியதாக இருக்கட்டும். ஒரு வரத்துக்குள் இரண்டு பேரைக் கேட்கிறேன் என்று தோன்றலாம். வீதியில் தவில் இல்லாமல் நாயனம் வராது என்பதால் இதை விதிமீறலாகக் கொள்ளக் கூடாது.

கேள்வி: உங்கள் அளவுகோல்படி பார்த்தால் வீணை தனம்மாள் அல்லவா முதலில் வர வேண்டும்?

பதில்: நியாயமான வாதம், கடைசி வரை என்னைத் தடுமாற வைத்த பெயர் அது. ராஜரத்தினம் பிள்ளையிடம் ஒலிப்பதிவு தோற்றது அவருடைய விரிவினால் என்றால், தனம்மாளிடம் (1867-1938) அது தோற்றது மென்மையினால். வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே, சிறிய அறையில், விஷயம் தெரிந்த சிலருக்கு முன்னால் வாசித்தவர் அவர். ஒலிபெருக்கி இல்லாத வீணையின் நாதம் எட்டும் தூரம் மிகக் குறைவு. அவர் வாசிப்போ அதிலும் அடக்கமானது. 1932-இல் அவர் இசைத்தட்டுக்கு வாசித்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது; இன்று நாம் அந்தத் தட்டுகளைக் கேட்டால் ஊசியின் உராய்வொலிக்கு நடுவே வீணையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் ஒரு கமகத்தின் வால் எங்கே முடிகிறது, ஊசியின் இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத இடங்கள் பல.

ஆனாலும் அவரை இரண்டாவதாக வைத்தேன். தனம்மாளின் பாணி அவர் பேத்திகளான டி.பிருந்தா, டி.முக்தா ஆகியோரின் பாட்டு வழியாகவும், மற்றொரு பேத்தியான டி.பாலசரஸ்வதியின் நாட்டியம் வழியாகவும் நம் காலம் வரை ஓரளவு வந்து சேர்ந்திருக்கிறது. பதம், ஜாவளி என்ற காதல் சுவைப் பாடல்களை அந்தக் குடும்பம் எடுத்த நிதானம் பிற்காலத் தெளிவான பதிவுகளில் இருக்கிறது. மூலம் கிடைக்காவிட்டாலும் அதன் நிழல் கிடைக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு, அது வெறும் சுயநலம்: அந்த அறையில் நான் ஒருமுறை இருமினால் போதும், வரம் பாழ்.

கேள்வி: பதிவே இல்லாத மேதைகளை எப்படி விட்டீர்கள்? தியாகராஜரை நேரில் கேட்க ஆசை இல்லையா?

பதில்: ஆசை இருக்கிறது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியது 1877-இல். தியாகராஜர் மறைந்தது 1847-இல். முப்பது ஆண்டு இடைவெளியில் தவறிவிட்டோம் என்று நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆயினும் அவர் கலையின் பெரும்பகுதி அவர் தொண்டையில் மட்டும் இருக்கவில்லை. கீர்த்தனைகளாக வெளியே வந்து சீடர்கள் வழியே பரவிவிட்டது. அவரை நேரில் கேட்டால் எனக்குத் தீரக்கூடிய ஐயம் ஒன்றே ஒன்று: ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில், இன்று நாம் அவருடையவை என்று பாடுபவற்றில் எவை அவரே போட்டவை, எவை பின்வந்தவர்கள் சேர்த்தவை? வாலாஜாபேட்டைச் சீடர் வழியில் வந்த பாடாந்தரமும் (பாடும் முறையும்) மானம்புச்சாவடிச் சீடர் வழியில் வந்த பாடாந்தரமும் ஒன்றுபோல் இல்லாத இடங்களில் உண்மை எது என்று தெரிந்துவிடும். இது ஆராய்ச்சியாளரின் ஆசை. ரசிகனின் ஆசை வேறு. தெரிந்துகொண்டு திரும்பி வந்து சொன்னாலும் எந்தச் சிஷ்ய பரம்பரையும் என்னை நம்பப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

பதிவே இல்லாதவர்களில் என்னை உண்மையாகவே அலைக்கழிப்பவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சேர்ந்த பட்டி போல்டன் என்ற கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊது கருவி) வாத்தியக்காரர். எடிசனின் கருவி வந்த அதே 1877-இல் பிறந்தவர். பிற்காலத்தில் ஜாஸ் என்று பெயர் பெற்ற இசைக்கு முன்னோடி என்று அவரைக் கேட்டவர்கள் பலர் சொன்னார்கள். அவர் ஊதினால் வெகுதூரம் கேட்கும் என்றும் சொன்னார்கள். 1907-இல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவர் 1931-இல் மறையும் வரை வெளியே வரவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு வந்ததே 1917-இல்தான். அவருடைய வாசிப்பு, தட்டுக்கு முந்திய பதிவுச் சாதனமான மெழுகு உருளை ஒன்றில் பதிவானது என்று ஒரு பேச்சு உண்டு. அந்த உருளை இதுவரை யார் கையிலும் அகப்படவில்லை. கீர்த்தனைகளைப் போல அவருக்குப் பின் எஞ்சி நின்ற உருப்படிகளும் இல்லை, பதிவும் இல்லை. எஞ்சியிருப்பது கேட்டவர்களின் வியப்பு மட்டும். என் அளவுகோலை நான் கறாராகப் பிடித்திருந்தால் அவரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அப்படித் தாவ எனக்குத் துணிச்சல் போதவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் சில நிமிடமாவது ருசி பார்த்திருக்கிறேன், அதுதான் மீதியைக் கேட்கத் தூண்டுகிறது.

கேள்வி: இப்படி ஏங்கிப் போய், நேரில் கேட்டு ஏமாற்றமடைந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்: ஏமாற்றம் நேர வாய்ப்பு உண்டு. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவின் தியேட்டர் அன் டெர் வீன் அரங்கில் பீத்தோவன் நடத்திய நிகழ்ச்சியை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். அவருடைய ஐந்தாம் சிம்பொனியும் ஆறாம் சிம்பொனியும் ஒரே மாலையில் முதன்முதலாக வாசிக்கப்பட்டன. நான்காம் பியானோ கான்செர்டோவை அவரே அமர்ந்து வாசித்தார். காலத்தில் பின்னோக்கிச் செல்ல முடிந்தால் அந்த இரவுக்குத்தான் போவேன் என்று சொல்லும் மேலை இசை ரசிகர்கள் ஏராளம். அங்கே இருந்தவர்களின் அனுபவம் வேறு. மாலை ஆறரை மணி முதல் இரவு பத்தரை மணி வரை கடுங்குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஒத்திகை போதவில்லை, கடைசியாக வந்த கோரல் ஃபேன்டஸி என்ற படைப்பில் வாத்தியக்குழு இடறி, நடுவில் நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. இன்றைய வாத்தியக்குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் பழகி, பிசிறில்லாமல் வாசித்த ஐந்தாம் சிம்பொனியைக் காதில் நிறைத்துக்கொண்டு அங்கே போகிறவருக்கு அந்த இரவு கட்டாயம் சோதனையாகவே இருக்கும்.

பதிவு நம் காதைக் கெடுத்து வைத்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே கச்சேரியை நூறு முறை கேட்கும் வசதி வந்த பிறகு, அதில் தற்செயலாக விழுந்த ஒரு பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்), ஒரு தொண்டைச் செருமல் எல்லாமே பாட்டின் பகுதிபோல மனப்பாடமாகிவிடுகின்றன. நேரில் அதே பாடகர் வேறு மாதிரி பாடினால் பிழையாகத் தோன்றும். ராஜரத்தினம் பிள்ளை நான் கேட்கும் அன்று தோடியை எடுக்காமலே போகலாம். எடுத்தாலும் மனம் ஒட்டாமல் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடலாம். அந்தந்த நேரத்தில் கற்பனையில் பிறக்கும் மனோதர்ம இசையைக் கேட்கப் போகிறவன் இந்தத் துணிச்சலையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். இதில் எல்லை கடந்தவர் புல்லாங்குழல் மாலி. அவரை யாராவது தேர்ந்தெடுப்பதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு வரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். முதல் நாள் அவர் வராமல் போக இடமிருக்கிறது.

கேள்வி: திரையிசைப் பாடகர்களை இந்தப் பட்டியலில் ஏன் யாரும் சேர்ப்பதில்லை? டி.எம்.சௌந்தரராஜனும் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் என்ன குறைந்துவிட்டார்கள்?

பதில்: ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அவர்களுடைய முதன்மையான கலை ஒலிவாங்கிக்காகவே, ஒலிப்பதிவுக் கூடத்திலேயே உருவானது. ஒரு சொல்லின் கடைசி எழுத்தை மூச்சோடு கரையவிடுவது, சிரிப்பைக் குரலுக்குள் ஒளித்துவைத்துப் பாடுவது போன்றவை ஒலிவாங்கிக்கு நெருக்கமாக நின்று பாடினால் மட்டுமே கைகூடும் வித்தைகள். நம் கைக்கு வந்திருக்கும் பாட்டே மூலப் பிரதி. நேரில் கேட்டால் அந்த மனிதரைக் கண்ட மகிழ்ச்சி கிடைக்கும், பாட்டு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1966 ஆகஸ்டோடு சுற்றுப்பயணக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத நிலை. கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்ட் 1964-இல், முப்பத்தோரு வயதிலேயே பொதுக் கச்சேரியைத் துறந்து, 1982-இல் மறையும் வரை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே இருந்துவிட்டார். அவரிடம் போய் உங்களை நேரில் கேட்க ஆசை என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நேர்மாறான ஓர் ஆளும் உண்டு. மிருதங்கம் பாலக்காடு மணி ஐயர் (1912-1981) ஒலிபெருக்கியையே வெறுத்து, அது இல்லாமல் கச்சேரி நடக்க வேண்டும் என்று வாதாடியவர். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்காரம் என்ற ஆழ்ந்த ஒலி பழைய பதிவுகளில் பெரும்பாலும் அமுங்கிப் போயிருக்கிறது. அவர் எதற்காக அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் விளங்கும். மூன்றாவது வரம் என்று ஒன்று இருந்தால் அது அவருக்கு.

கேள்வி: மறைந்தவர்களை ஒளியுருவாக மேடையில் தோன்றச் செய்கிறார்களே, அதைப் பார்த்தால் ஆசை தீராதா?

பதில்: தீராது. 2012-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழாவில், 1996-இல் கொல்லப்பட்ட ராப் பாடகர் டூபாக் ஷக்கூரை இப்படித் தோன்றச் செய்தார்கள். சாய்வாக வைத்த ஒளி ஊடுருவும் பரப்பில் உருவத்தைப் பிரதிபலிக்கச் செய்யும் இந்த உத்தி, 19-ஆம் நூற்றாண்டு நாடக மேடைகளில் பேய் வரவழைக்கப் பயன்பட்ட அதே தந்திரத்தின் வழிவந்தது. உருவம் கூட்டத்தைப் பார்த்துக் கை அசைக்கும், ஆனால் கூட்டம் அதை ஒன்றும் செய்ய முடியாது. ரசிகனின் தலையாட்டலைப் பார்த்து ஒரு வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் இன்னொரு சுற்று போடும் பாடகரைத்தான் நேரில் கேட்பது என்று நான் சொல்கிறேன்.

கேள்வி: வரம் எங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. பழைய இசைத்தட்டுகளின் மறுபதிவுகளைக் கேட்டாவது அந்தக் கலைஞர்களை நெருங்க வழி உண்டா?

பதில்: உண்டு, சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கேட்டால் காது ஏமாறாது. முதலில் வேகத்தைப் பாருங்கள். 78 சுற்று என்பது நாளடைவில் நிலைபெற்ற கணக்கே ஒழிய, தொடக்க காலத் தட்டுகள் எல்லாம் அதே வேகத்தில் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு 74 சுற்று வேகத்தில் பதிவான தட்டை 78-இல் ஓட விட்டால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துவிடும். காலப்பிரமாணமும் (பாட்டின் வேகமும்) கூடிவிடும், குரலும் மெலிந்துவிடும். எஸ்.ஜி.கிட்டப்பா (1906-1933) ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கப் பாடியவர், அவர் சுருதி உயர்ந்ததுதான், ஐயமில்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஒரே பாட்டின் இரண்டு மறுபதிவுகள் வெவ்வேறு சுருதியில் இருந்தால் உயரமானதை உண்மை என்று உடனே நம்பிவிடக் கூடாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, சொற்களின் உச்சரிப்பு எதில் இயல்பாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, ஆண்டு. 1925-ஐ ஒட்டி மின்சார ஒலிவாங்கி வருவதற்கு முன், பெரிய கொம்பு போன்ற குழாய்க்குள் முகத்தை வைத்துப் பாடித்தான் பதிவு செய்தார்கள். அந்த முறையில் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் பதிவாகாது. அக்காலத் தட்டுகளில் மிருதங்கம் மரப்பலகையைத் தட்டுவதுபோல் கேட்டால் வாசித்தவரைக் குறை சொல்லாதீர்கள். 1902-இல் கல்கத்தாவில் பதிவு செய்த பாடகி கௌஹர் ஜான், தட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார்; கேட்டுப் பாருங்கள், பாடும் குரலைவிட அந்த ஒரு வாக்கியத்தில் அவர் அறைக்குள் நிற்பதுபோல் இருக்கும்.

இரைச்சலை முழுதாக நீக்கிய மறுபதிவுகளை நான் பரிந்துரைப்பதில்லை. இரைச்சலோடு சேர்த்து மூச்சொலியையும், தம்புராவின் மேல் நாதங்களையும், வயலின் வில்லின் உரசலையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கரகரப்போடு இருக்கும் பிரதியைத் தேடி எடுத்து, ஒலியளவைச் சற்றுக் குறைத்து வைத்து, ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை தொடர்ந்து கேளுங்கள். முதல் முறை கரகரப்புத்தான் கேட்கும். மூன்றாவது முறை காது அதை ஒதுக்கிவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொள்ளும்.